ஊமைப் பள்ளத்து வாக்குமூலம்

பேர் என்னவோ சக்கரவர்த்தி. ஆண்டதெல்லாம் அடி அண்ணாமலையில் ஒரு கூரை வீடு, நாலு ஆடு, கையில் ஒரு மூங்கில் தடி. கிராமத் தலையாரி. தாசில்தார் வந்தால் முன்னால் நடப்பது, எல்லைக்கல்லைக் காட்டுவது, கிணற்றில் பிணம் மிதந்தால் போலீஸ் வரும்வரை காவல் இருப்பது, அதிகாரிகள் நேரில் பார்த்து எழுதுகிற மகஜரில் எல்லாம் சாட்சிக் கையெழுத்துப் போடுவது, இதுதான் உத்தியோகம். எண்பதாம் வருஷம் பரம்பரை மணியக்காரர், கர்ணம் வேலைகளைச் சர்க்கார் ஒரே வீச்சில் எடுத்தபோது பெரிய தலைகள் எல்லாம் உருண்டன. தன் தலை ரொம்பச் சின்னது, அதனால் கண்ணில் படவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஊமைப் பள்ளம் என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோகும்.

ஊருக்கு வடமேற்கே, காப்புக்காட்டு ஓரமாக, கருங்கற்களுக்கு நடுவில் இறங்கும் ஒரு பள்ளம் அது. சுற்றிலும் பாறைதான். ஆனால் உள்ளே நின்று கத்தினால் எதிரொலி வராது. போட்ட சத்தத்தைப் பள்ளம் விழுங்கிவிடும். மேயப் போகிற ஆடுகள் ஓரிடம் வரைக்கும் இறங்கும், அதற்குமேல் ஒரு கோடு கிழித்த மாதிரி நின்றுவிடும். உச்சி வெயிலில் அந்தப் பக்கம் போனால் எங்கிருந்தோ நெல் அவிக்கும் வாசம் வரும். பக்கத்தில் வீடும் கிடையாது, அடுப்பும் கிடையாது. அந்த வாசம் வந்தால் யாரும் ஓடமாட்டார்கள். முதுகைக் காட்டாமல் மெல்ல மெல்லப் பின்னால் நடந்து மேட்டுக்கு வந்துவிடுவார்கள்.

நாம் அந்தப் பள்ளத்தில் நிற்கவில்லை என்பதால் பேரைச் சொல்லலாம். சிறுத்தை. ஊர்க்காரர்கள் சொல்லமாட்டார்கள். பள்ளத்துக்குள் நின்றுகொண்டு 'இங்கே இருக்கிறது' என்று எவன் சொல்கிறானோ, அவன் வீட்டுக்கு அது வரும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. யார் கேட்டாலும் அங்கே ஒரே பதில்தான்: ஒன்றுமில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சக்கரவர்த்தியின் அப்பா மண்ணாங்கட்டியும் சிரித்தவர்தான். ஐம்பத்தொன்றாம் வருஷம் வேட்டைத் துப்பாக்கியோடு வந்த ஒரு பெரிய மனிதரைப் பள்ளத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், "இருக்குதுங்க, ஜோடியா இருக்குதுங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். மூன்றாம் நாள் பட்டப்பகலில், வீட்டுக் களத்தில் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய நாலு வயது மகளைக் காணவில்லை. அழுகைச் சத்தம்கூட யார் காதிலும் விழவில்லை. பள்ளத்து வாயில் ஒரு கண்ணாடி வளையல் கிடைத்தது, உடையாமல். அந்த இடத்தில் ஊர் சனம் தழை போட ஆரம்பித்தது. போகிறவன் வருகிறவன் ஒவ்வொருவனும் ஒரு பச்சைக் கொத்து ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் கடப்பான். வளையலைக் கண்டெடுத்தவர் அப்போது பதினாறு வயதான சக்கரவர்த்தி. தங்கச்சி பேரைச் சொல்லி அவர் அழுததே இல்லை. தழை மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

எண்பத்திரண்டு மாசியில் இராமலிங்கம் என்கிற மனை வியாபாரி வந்தார். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை, யாரையும் 'வாங்க போங்க' என்றே பேசுகிற மனிதர். பள்ளத்துக்கு அந்தாண்டை இருபது ஏக்கர் கரட்டு நிலத்தை வாங்கி, கல் நட்டு, மலையைப் பார்த்த மனைகள் என்று நோட்டீசும் அடித்துவிட்டார். குறை ஒன்றே ஒன்று. அங்கே போக வழியில்லை. ரோடு போட்டால் ஊமைப் பள்ளத்தின் வழியாகத்தான் போடவேண்டும். பள்ளமோ காட்டு இலாகாவுக்குச் சொந்தம். அப்போதுதான் வந்திருந்த புதுச் சட்டப்படி, காட்டு நிலத்தில் ரோடு போட டில்லி வரைக்கும் எழுதி உத்தரவு வாங்கவேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: அந்த இடத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்குகள் ஏதாவது உண்டா? உண்டு என்று எழுதினால் ரோடு கிடையாது. எழுபத்திரண்டாம் வருஷச் சட்டத்தில் சிறுத்தை அந்தப் பட்டியலில் இருந்தது.

கட்டத்தை நிரப்ப வந்தவர் ரேஞ்சர் குலாம் ரசூல். திருவண்ணாமலை டவுனில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம். கை சுத்தம், வாய் கம்மி. ஆனால் டவுன்காரர். பள்ளத்து வாயில் சக்கரவர்த்தி ஒரு புங்கங்கொத்தை ஒடித்து, குவியலின் மேல் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். யாரோ ஆட்டுக்குத் தழை சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

உள்ளே இறங்கினார்கள். மகஜரை அந்தந்த ஸ்தலத்தில் நின்றுதான் எழுதவேண்டும் என்பது இலாகா விதி. குலாம் ரசூல் பாறைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"சொல்லுய்யா. இங்க மிருகம் ஏதாவது நடமாட்டம் இருக்குதா?"

"ஒண்ணும் இல்லீங்க சாயபு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சிறுத்தை கிறுத்தை?"

சக்கரவர்த்தி பள்ளத்து வாயில் கிடந்த தழையைத் திரும்பிப் பார்த்தார். "இல்லீங்க. ஒண்ணும் இல்லீங்க."

காய்ந்த ஓடையில் தடம் எதுவும் தெரியவில்லை. ரேஞ்சர் எழுதினார், தலையாரி கையெழுத்துப் போட்டார். பொய் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அவர்தான் தழை போட்டாரே! தழை போட்ட கையோடு ஒருத்தன் 'இல்லை' என்றால் 'இருக்கிறது' என்று பொருள் என்பது சுற்று வட்டாரத்தில் ஆடு மேய்க்கிற பொடிசுக்கும் தெரியும். ரேஞ்சருக்கும் தெரியும் என்று நம்பி வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சோறு தின்றார்.

சித்திரையில் இராமலிங்கத்தின் ஆட்கள் தங்கள் பட்டா நிலத்துப் பாறையில் வெடி வைக்க ஆரம்பித்தார்கள். ரேஞ்சருக்குத் தழை புரியவில்லை என்று அன்றைக்குத்தான் சக்கரவர்த்திக்கு உறைத்தது. டவுனுக்கு ஓடி ஆபீசில் விசாரித்தால், காகிதம் வேலூரைத் தாண்டி மேலே போய் ஒரு மாசம் ஆகிறது என்றார்கள். ரேஞ்சர் வெளியூர் காம்பில் இருந்தார். சக்கரவர்த்தி வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்சம் நின்றுவிட்டு, ஊரைப் பார்க்கத் திரும்பி நடந்தார். ரேஞ்சர் வந்ததும் திரும்பப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பள்ளத்துக்கு வெளியே வைத்துச் சொன்னாலும் அதன் காதில் விழுந்துவிடுமோ என்கிற பயம். அந்தப் பயத்துக்காகத்தான் அவர் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

வெடிச் சத்தம் பழகப் பழக ஊரில் சத்தம் குறைந்தது. முதலில் நாய்கள் போயின. தெருவுக்கு ஐந்தாறு இருந்தவை, ஆடி முடிவதற்குள் ஒன்றிரண்டு ஆயின. மிச்சமிருந்தவையும் குரைப்பதை விட்டுவிட்டன. பட்டியில் ஆடு குறைந்தது, ரத்தம் இல்லை, ரோமம் இல்லை. மத்தியான வேளையில் கிரிவலப் பாதையோரம் மனைக்கு வழி காட்ட நட்ட கல் ஒன்றின் பக்கத்தில் ஏதோ உட்கார்ந்திருந்ததாக வளையல்காரி ஒருத்தி சொன்னாள். கிட்டே போனால் கல் மட்டும்தான் இருந்ததாம். வெயிலில் காய்ந்த கல்லாச்சே என்று தொட்டுப் பார்த்தாளாம், ஒரு பக்கம் மட்டும் ஈரமாக இருந்ததாம். இதையெல்லாம் கேட்ட சக்கரவர்த்தியின் மனைவி ரேணுகாம்பாள், பகலிலேயே கதவைத் தாழ் போட ஆரம்பித்தாள்.

மறு வருஷம் ஆனியில் அவர்களுடைய ஒரே மகள் சந்திரம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் காலையில் மனை வியாபாரியின் காவல்காரன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"தலையாரி, கொஞ்சம் வாயேன். ஒண்ணு பொதைக்கணும். எசமான் யாருக்கும் தெரியக்கூடாதுன்னாரு."

செத்த ஆட்டில் பூச்சிமருந்து வைத்திருக்கிறார்கள். பள்ளத்து வாயில், தழைக் குவியலுக்கு நாலடி தள்ளி, அது கிடந்தது. முப்பத்திரண்டு வருஷமாக யாரும் பேர் சொல்லாத ஒன்று, நாக்கு வெளியே தொங்க, ஈ மொய்க்கக் கிடந்தது. சக்கரவர்த்திக்கு சந்தோஷம் வரும் என்று காவல்காரன் எதிர்பார்த்தான். தங்கச்சியைத் தின்ற வம்சமாயிற்றே.

அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பெட்டை. மடி கனத்திருந்தது. காம்பு நுனியில் பால் கட்டி நின்றது.

"குட்டி போட்டிருக்குதே" என்றார், தனக்குத்தானே.

"அதெல்லாம் ரெண்டு நாள்ல தானா செத்துடும். ஒரு வேலை மிச்சம்" என்றான் காவல்காரன். "பொதைச்சுட்டு வா. உம் பேத்தி பேர்ல ஒரு மனை எழுதித் தர்றேன்னு எசமான் சொன்னாரு."

மண்வெட்டி எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்கு வந்தார். உள்ளே சந்திரம்மாள் சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் பால் வாசம். மண்வெட்டியைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு நேராக டவுனுக்கு நடந்தார்.

குலாம் ரசூல் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, பழைய மகஜரின் நகலை எடுத்து மேஜையில் போட்டார்.

"இதுல உன் கையெழுத்துதானே இருக்குது? அன்னிக்கு ஏன்யா பொய் சொன்ன?"

"நான் எங்க சாயபு பொய் சொன்னேன்? உங்க கண்ணு முன்னாலதானே தழை போட்டேன்."

ரேஞ்சருக்குப் புரியவில்லை. சக்கரவர்த்தி தங்கச்சியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். குலாம் ரசூல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"செத்ததை மட்டும் காட்டினா பத்தாதுய்யா. ஜவ்வாது மலையிலேருந்து வழி தப்பி வந்துதுன்னு இராமலிங்கம் சொல்லுவாரு. குட்டியோட இங்கயே குடியிருக்குதுன்னு மகஜர்ல வரணும். அப்பதான் ரோடு நிக்கும், குட்டியையும் நாங்க தேட முடியும்."

"எழுதிக்குங்க சாயபு. இருக்குது. இங்கயே கையெழுத்துப் போடறேன்."

"இங்க எழுதினா செல்லாது. ஸ்தலத்துல நின்னு, என் முன்னால சொல்லணும். பள்ளத்துக்குள்ள."

சக்கரவர்த்தி சன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பஸ் ஒன்று ஆரனடித்துக்கொண்டு போயிற்று. "அப்பிடின்னா மொதல்ல எம் பொண்ணையும் புள்ளையையும் அனுப்பிடறேன்" என்றார். "ஜீப்பைக் கொஞ்சம் குடுங்க சாயபு. பச்சை ஒடம்புக்காரி, நடக்கமாட்டா."

ரேஞ்சர் அதை நம்பினாரா இல்லையா என்று தெரியாது. சாவியை எடுத்து டிரைவரிடம் கொடுத்தார்.

பிள்ளை பெற்று முப்பது நாள்கூட ஆகாதவளை வெளியே அனுப்புவதா என்று ரேணுகாம்பாள் தலையிலடித்துக்கொண்டாள். காரணத்தைக் கேட்டதும் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் மகளை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, சன்னல் வழியாகக் கை நீட்டினார் சக்கரவர்த்தி.

"கொழந்தை தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணு. இனிமே நம்ம வூட்டு வாசப்படிய நீயும் மிதிக்கக் கூடாது, இவளும் மிதிக்கக் கூடாது. நான் செத்தாலும் வரக் கூடாது."

"இன்னா நைனா பேசற? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணவன் நானு. நீ சத்தியம் பண்ணு."

பஸ் கிளம்பியது. ஓடிக்கொண்டே வந்தார். அழுதுகொண்டே அவள் கையை வைத்தாள்.

பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது சரியான உச்சி வேளை. ரேஞ்சர், காட்டு இலாகா கார்டு ஒருவன், சக்கரவர்த்தி, மூன்றே பேர். இறங்கிப் பத்தடி போனதும் நெல் அவிக்கும் வாசம் வந்தது. கார்டு மூக்கை உறிஞ்சி, "யார் வூட்ல இந்த வேளையில நெல்லு அவிக்கறாங்க?" என்றான். குலாம் ரசூல் பேனா மூடியைத் திறந்தார்.

"சொல்லு, சக்கரவர்த்தி. இந்த ஸ்தலத்துல சிறுத்தை இருக்குதா?"

சக்கரவர்த்தி இரண்டு கையாலும் தடியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பள்ளம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"இருக்குது. இங்கதான் இருக்குது. நாஞ் சொல்றேன், மண்ணாங்கட்டி மகன் சக்கரவர்த்தி."

எதிரொலியே இல்லாத அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து, கொஞ்ச நேரம் கழித்து, 'இருக்குது' என்று ஒரே ஒரு தரம் திரும்பி வந்தது. அவருடைய குரல்தான், ஆனால் கொஞ்சம் வயசு ஜாஸ்தியான குரல். கார்டு இதைக் கோயிலில் கற்பூரம் அடித்து வேண்டுமானாலும் சொல்வேன் என்பான். குலாம் ரசூலிடம் பின்னாளில் யார் கேட்டாலும் "நான் எழுதிக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்வார். அந்த மகஜரில் அந்த வரிக்குப் பக்கத்தில் பேனா இழுத்த ஒரு நீளக் கோடு இருந்தது.

இரண்டு குட்டிகளைப் பாறை இடுக்கில் கண்டுபிடித்தார்கள். ஒன்று செத்திருந்தது. இன்னொன்று கார்டின் கையைக் கடித்துவிட்டு உள்ளே ஓடியது, அப்புறம் அகப்படவில்லை. காவல்காரன் மேல் வழக்குப் போட்டார்கள். ரோட்டுக்கு உத்தரவு கிடையாது என்று டில்லியிலிருந்து காகிதம் வந்தது. இராமலிங்கம் நிலத்தை வேர்க்கடலை பயிரிடுகிறவர்களுக்கு விற்றுவிட்டுப் போனார். போகிறபோது சக்கரவர்த்தியின் வீட்டு வாசலில் நின்று, "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வைதிருந்தால் தேவலை.

அப்புறம் ஆறு வருஷம். அது வந்ததா? வந்தது என்று ஒருவரும் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டியில் காலையில் நீர் குறைந்திருக்கும். சில மத்தியானங்களில் நாலு ஆடும் ஒரே சமயத்தில் எழுந்து, ஒரே பக்கமாகத் திரும்பி, அசை போடுவதை நிறுத்தி நிற்கும். ரேணுகாம்பாள் அடுப்பில் ஒன்றும் வைக்காத நாட்களிலும் வீட்டில் நெல் அவிக்கும் வாசம் வரும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நல்ல வேளை, குழந்தை இங்கே இல்லை. அந்த ஒரு நினைப்பில்தான் அந்த மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

பேத்தியை அவர் பார்த்ததெல்லாம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில்தான். மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. சந்திரம்மாள் கூட்டி வருவாள். பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்து, மடியில் உட்கார வைத்து, பஸ் கிளம்பும்வரை கொஞ்சுவார். அந்தப் பெண்ணுக்கு அவர் பஸ் ஸ்டாண்டு தாத்தா. அங்கேயே குடியிருக்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, "தாத்தா, எந்த பெஞ்சுல படுப்ப?" என்று கேட்டாள். அவர் ஒரு பெஞ்சைக் காட்டினார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்து ரேணுகாம்பாளிடம் அதைச் சொல்லும்போது விம்மி விம்மி அழுதார். தங்கச்சிக்குக்கூட அப்படி அழுததில்லை.

எண்பத்தொன்பது ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். தந்தி கிடைத்து சந்திரம்மாள் மகளோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கிரிவலப் பாதையில், ஊருக்குள் திரும்புகிற முனையிலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்து வீட்டுக் கூரையும் வாசலில் கூட்டமும் தெரிந்தன. பறைச் சத்தம் கேட்டது. ஊர்ப் பெண்கள் ஓடி வந்து இழுத்தார்கள்.

"பெத்த அப்பன் மொகத்தைப் பாக்க வரமாட்டியா? இன்னா பொண்ணு நீ?"

"சத்தியம் பண்ணியிருக்கறேன்" என்றாள் சந்திரம்மாள். குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

சேதி உள்ளே போனது. ரேணுகாம்பாள் எழுந்து தலைமயிரை முடிந்துகொண்டாள். "அவ வரக் கூடாது. இவரைத் தூக்குங்க" என்றாள். சுடுகாடு கிழக்கே, மகள் நிற்கிற முனை மேற்கே. பாடையை மேற்கே கொண்டுபோவது முறையில்லை என்று நாலு பேர் சொன்னார்கள். ரேணுகாம்பாள் அவர்களைப் பார்த்த பார்வையில் அந்த நாலு பேரே பாடைக்குத் தோள் கொடுத்தார்கள்.

பாடை மேற்கே வந்து நடுப்பாதையில் இறங்கியது. சந்திரம்மாள் வாய்க்கரிசி போட்டாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன் நைனா, வூட்டுக்குள்ள வரல நைனா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பேத்தி ஒரு பிடி அரிசியோடு நின்று, வந்த கூட்டத்தையும், அந்தப் பக்கம் திறந்து கிடந்த வீட்டையும் பார்த்தாள்.

"தாத்தாவுக்கு வூடு இருந்துதா?" என்று கேட்டாள்.